பெட்டியின் மேலுள்ள எண்ணைப் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள்

சென்ற வாரம் கலிஃபோர்னியாவில் உள்ள எங்கள் பட்டறைக்கு 1970ஆம் ஆண்டு செவ்ரோலே செவெல் ஒன்று வந்தது. 350 கன அங்குல எஞ்சின், நான்கு பேரல் கார்புரேட்டர், மேனுவல் கியர். "கலிஃபோர்னியாவில் புதிதாக விற்பனையான கார், புகைக் கட்டுப்பாட்டுச் சாமான்கள் அனைத்தும் அசல்" என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். வாங்கியவரும் அந்த ஒரு வாக்கியத்துக்காகவே கூடுதல் விலை கொடுத்திருக்கிறார். பானட்டைத் திறந்தபோது பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கும் கரி டப்பா புத்தம் புதிதாக மின்னியது. காருக்கு அடியில் படுத்துப் பார்த்தால், டேங்கிலிருந்து அந்த டப்பாவுக்கு ஆவியைக் கொண்டுவர வேண்டிய குழாயையே காணோம். டப்பாவில் மாட்டியிருந்த ரப்பர் ஹோஸின் மறுமுனை ஃபெண்டருக்குப் பின்னால் சும்மா செருகப்பட்டிருந்தது. இந்த ஆண்டில் இப்படி வந்த நான்காவது கார் இது என்பதால்தான் எழுத உட்கார்ந்தேன்.

கால வரிசையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அதுகூடத் தெரியாமல் பலர் பணத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். எஞ்சினுக்குள் கசியும் வாயுவை மீண்டும் எரிக்க அனுப்பும் பி.சி.வி. வால்வு கலிஃபோர்னியாவில் 1961 மாடலிலும் நாடு முழுவதும் 1963 மாடலிலும் வந்தது. வெளியேறும் புகைக்கான கட்டுப்பாடு கலிஃபோர்னியாவில் 1966, பிற மாநிலங்களில் 1968. கரி டப்பா கலிஃபோர்னியாவில் 1970, பிற இடங்களில் 1971. வெளியேறும் புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பும் இ.ஜி.ஆர். வால்வு பெரும்பாலான கார்களில் 1973இலும், புகையின் நச்சை வேதிமாற்றத்தால் குறைக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் 1975இலும் வந்தன. 1966இல் கலிஃபோர்னியா கார்களில் ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும், வெளியேறும் புகையில் காற்றைச் செலுத்தி மிச்சத்தையும் எரிக்கும் காற்றுப் பம்ப் வைத்தன. கிரைஸ்லரோ பம்ப் இல்லாமல், கார்புரேட்டரையும் இக்னிஷன் டைமிங்கையும் மாற்றியே சமாளித்தது. எனவே கிரைஸ்லர் நிறுவனத்தின் 1966 பிளிமத்துக்கு "அசல் பம்ப்" என்று யாராவது விற்க வந்தால், நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்லாதீர்கள்.

இனி, என்னை மிகவும் எரிச்சலூட்டும் நம்பிக்கைக்கு வருகிறேன்: "எண் பொருந்துகிறது, ஆகவே இது என் காரின் அசல் பாகம்." இதில் எந்த எண்ணைச் சொல்கிறீர்கள் என்பதே முதல் கேள்வி. ஃபோர்டு இ.ஜி.ஆர். வால்வு ஒன்றின் மேல் டி4ஏஇ-9டி475 என்று இருந்தால், டி என்பது 1970களையும், 4 என்பது 1974ஐயும், ஏ என்பது பெரிய ரகக் காரையும், இ என்பது எஞ்சின் பிரிவையும், 9டி475 என்பது இ.ஜி.ஆர். வால்வு என்ற பாக வகையையும் குறிக்கும். அதே வால்வைக் கடையில் விற்ற பெட்டியின் மேல் நான்காவது எழுத்து இசட் என்று மாறியிருக்கும். முதலாவது வடிவமைப்பு எண். இரண்டாவது விற்பனை எண். இரண்டும் ஒன்றாக இல்லையே என்று நல்ல பாகத்தைப் போலி எனத் திருப்பி அனுப்பியவர்களையும் பார்த்திருக்கிறேன், பெட்டி பழையது என்பதற்காகவே உள்ளிருந்த தவறான பாகத்துக்கு வாரிக் கொடுத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். தவிர, 1974 என்பது அந்த வடிவம் வெளியான மாடல் ஆண்டே ஒழிய, அந்தத் துண்டு செய்யப்பட்ட ஆண்டு அன்று. 1975 காரில் அது முறையாகவே இருக்கலாம். என்.ஓ.எஸ். என்று கொண்டாடப்படும் விற்காத பழைய இருப்பிலும் பெரும்பகுதி, பின்னாளில் பழுது மாற்றுவதற்காகச் செய்யப்பட்டதே. கார் தொழிற்சாலையை விட்டு வந்தபோது அதில் இருந்த வடிவம் அதுதான் என்பதற்குப் பெட்டி சாட்சி ஆகாது.

செவ்ரோலேயில் சிக்கல் இன்னும் ஒரு படி அதிகம். சிறிய வி8 எஞ்சினின் புகையைச் சேர்த்து வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில், ஏ.ஐ.ஆர். எனப்படும் காற்றுப் பம்ப் அமைப்பின் குழாய்களுக்கான மேடுகள் வார்ப்பிலேயே இருக்கும். பம்ப் வைத்த காருக்கு அவற்றில் துளையிட்டு மரை போட்டார்கள், பம்ப் இல்லாத காருக்கு அப்படியே விட்டார்கள். வார்ப்பு எண் இரண்டுக்கும் ஒன்றாகவே இருக்கலாம். எண்ணை மட்டும் படம் எடுத்து அனுப்பி "சரியா?" என்று கேட்பவருக்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்? துளையைக் காட்டுங்கள், மரையைக் காட்டுங்கள். அரை நூற்றாண்டு வெந்து துருவேறிய இரும்பின் நடுவே பளிச்சென்ற மரை தெரிந்தால், அது சென்ற மாதம் போட்ட துளை.

எண்ணுக்கு அடுத்தது தேதி. செவ்ரோலே வார்ப்பில் மாதத்துக்கு ஓர் எழுத்து, பிறகு நாள், பிறகு ஆண்டின் கடைசி இலக்கம். சி 14 9 என்றால் 1969 மார்ச் 14. 1979 மார்ச் 14 ஆகவும் இருக்கலாம் என்பதால் வார்ப்பு எண்ணையும் சேர்த்தே படிக்க வேண்டும். ராச்செஸ்டர் குவாட்ராஜெட் கார்புரேட்டரில் ஆண்டின் எத்தனையாவது நாள் என்று அடித்திருப்பார்கள்: முதல் மூன்று இலக்கங்கள் நாள், கடைசி இலக்கம் ஆண்டு. 0450 என்றால் 1970இன் 45ஆம் நாள், பிப்ரவரி 14. காரின் உடலில் பதித்த அடையாளத் தகட்டில் கார் செய்யப்பட்ட மாதமும் வாரமும் இருக்கும். பாகம் அதற்குச் சில வாரங்களோ சில மாதங்களோ முந்தியதாக இருக்க வேண்டும். கார் பிறந்த பிறகு பிறந்த பாகம் அந்தக் காரின் அசல் ஆகாது. இதைக்கூட விளக்க வேண்டியிருக்கிறது.

நம் செவெலின் கார்புரேட்டர் எண் 7040203. நான்காவது இலக்கமான 0 1970ஐக் குறிக்கிறது, கடைசியில் உள்ள ஒற்றைப்படை எண் மேனுவல் கியரைக் குறிக்கிறது, எனவே அந்தக் காருக்கு அது முற்றிலும் பொருத்தமானது. ஆனால் ஆவிக் கட்டுப்பாட்டுடன் கலிஃபோர்னியாவுக்குப் போன காரில் 7040503 இருந்திருக்க வேண்டும். ஆக, கார்புரேட்டர் உண்மையைத்தான் சொன்னது. டப்பாதான் பொய் சொன்னது.

இங்கே இன்னொரு தவறையும் திருத்த வேண்டும். 1975 வரையுள்ள மாடல்களுக்குக் கலிஃபோர்னியாவில் புகைச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு. சோதனைக்கு வர வேண்டியதில்லை என்பதற்கு, சாமான்களைக் கழற்றி எறியலாம் என்று பொருள் அன்று. சட்டம் அதற்கு இடம் தரவில்லை. 1976 முதலான கார்களுக்கோ, சோதனைச் சாவடியில் பானட்டைத் திறந்து ஒவ்வொரு பாகமும் இருக்கிறதா என்று கண்ணாலும் பார்ப்பார்கள். அதே கலிஃபோர்னியாதான் 1970களின் முற்பகுதியில், 1966 முதல் 1970 வரையான கார்களில் பின்னாளில் மாட்டும் கருவிகளையும் கட்டாயமாக்கியது. அவை அரசு கேட்டு மாட்டியவை, தொழிற்சாலை மாட்டியவை அல்ல. இந்த வேறுபாடு தெரியாமல் அவற்றை அசல் என்று விற்பவர்களும் இருக்கிறார்கள்.

1971, 1972 செவ்ரோலேக்களின் கார்புரேட்டர் அருகே உள்ள சி.இ.சி. சோலினாய்டை (வேகம் குறையும்போது கார்புரேட்டரின் த்ராட்டில் முழுதும் மூடாமல் தடுக்கும் மின்காந்தக் கருவி), எஞ்சின் சும்மா ஓடும் வேகத்தைச் சரிசெய்யும் ஐடில் திருகு என்று நினைத்துத் திருகாதீர்கள். பார்க்க அப்படித்தான் இருக்கும், வேலை வேறு. திருகிவிட்டு "சாவியை அணைத்தாலும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கிறது, நிற்கவில்லை" என்று வருபவர்களால் எங்களுக்கு வருமானம் வருகிறது, ஆனால் அந்த வருமானம் வேண்டாம்.

வாங்குவதற்கு முன் காருக்கு அடியில் படுங்கள், அல்லது படுப்பவரை அழைத்துச் செல்லுங்கள். டேங்கின் ஆவிக் குழாய், மூடியின் வகை, சட்டகத்தையொட்டி ஓடும் குழாய்கள் ஆகியவற்றை எண்ணிப் பாருங்கள். பளபளக்கும் டப்பாவைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். எஞ்சின் அறையிலுள்ள புகைக் கட்டுப்பாட்டு ஸ்டிக்கரை நம்பித் தொடங்காதீர்கள். மறுபதிப்பு ஸ்டிக்கர் வாங்குவது கடினமான காரியம் அன்று. எதையும் கழற்றும் முன் படம் எடுங்கள், ஹோஸ் ஒவ்வொன்றிலும் சீட்டு கட்டுங்கள். பழைய பம்ப் ஓடவில்லை என்றாலும் தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள். 1970களில் வண்டி வேகமாக ஓட வேண்டும் என்று இவற்றைக் கழற்றி எறிந்தவர்களின் வேலையைத்தான் இன்றும் நாங்கள் சரிசெய்துகொண்டிருக்கிறோம்.

செவெலின் உரிமையாளரிடம் அந்த டப்பாவைக் கழற்றச் சொல்லிவிட்டேன். வேறு மாநிலத்துக்கென்று செய்யப்பட்ட கார் என்பதால் அதில் டப்பா இருந்ததே இல்லை. கழற்றியதை விற்கலாமா என்று கேட்டார். தாராளமாக விற்கலாம், பெட்டியின் மேல் "புதிதாகச் செய்த நகல்" என்று பெரிய எழுத்தில் எழுதி விற்கவும் என்றேன்.