போலீஸ் வாக்குமூலம் கதையாகும்போது: உண்மைக் குற்றத் தொடர்களைப் பற்றி ஒரு குற்றவியல் வழக்கறிஞரின் பார்வை

தமிழில் வெளிவரும் உண்மைக் குற்றப் பாட்காஸ்டுகளிலும் யூடியூப் காணொளிகளிலும் தவறாமல் இடம்பெறும் ஒரு வாக்கியம் உண்டு: "போலீஸ் விசாரணையில் அவர் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்." அதற்குப் பிறகு கதை தங்குதடையின்றி ஓடும். முதல் நாள் இரவு யார் யாரிடம் என்ன பேசினார்கள், கத்தியை எங்கே வாங்கினார்கள், உடலை எந்த வழியாக எடுத்துப் போனார்கள் என்பதெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தவர் சொல்வதுபோல் விவரிக்கப்படும். அந்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் சாட்சியமாகவே ஏற்கப்படாது என்பது கேட்பவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதலை எதிரிக்கு, அதாவது குற்றம்சாட்டப்பட்டவருக்கு, எதிராக நிரூபிக்கக் கூடாது என்று 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் 25ஆம் பிரிவில் விதித்தது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதிநியம், அதே தடையை 23ஆம் பிரிவில் வைத்திருக்கிறது. காவலில் இருப்பவர் சொன்ன தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்போடு நேரடியாகத் தொடர்புடைய பகுதி மட்டும் ஏற்கப்படும். மீதியை வைத்து எந்த நீதிபதியும் ஒருவரைத் தண்டிக்க முடியாது. நமக்கு அத்தியாயம் அத்தியாயமாகச் சொல்லப்படுவது பெரும்பாலும் அந்த மீதிதான்.

இத்தகைய தொடர்களை நான் வெறுப்பவன் அல்ல. அமர்வு நீதிமன்றங்களில் கொலை வழக்குகளை நடத்திவரும் வழக்கறிஞர் என்ற முறையில் அவற்றைத் தொடர்ந்து கேட்கிறேன், பார்க்கிறேன். நல்ல தொடர் ஒன்று, சட்டக் கல்லூரி வகுப்பு சொல்லித்தராததைச் சாதாரண மனிதருக்குச் சொல்லித்தந்துவிடும். ஆனால் ஒரு தொடரை மதிப்பிடும்போது நான் முதலில் கேட்பது, அது சுவையாக இருக்கிறதா என்பதை அல்ல. சொல்லப்படும் ஒவ்வொரு செய்தியும் எந்தத் தாளிலிருந்து வந்தது என்று அது சொல்கிறதா என்பதைத்தான். முதல் தகவல் அறிக்கை என்பது ஒரு புகார். குற்றப்பத்திரிகை என்பது காவல்துறையின் முடிவு. விசாரணை அதிகாரி பதிவுசெய்யும் சாட்சி வாக்குமூலத்தில் சாட்சியின் கையெழுத்துகூட இருக்காது. பின்னாளில் அவர் சொல்வதில் முரண்பாடு காட்டுவதற்கு மட்டுமே பொதுவாக அது பயன்படும். சத்தியப்பிரமாணத்தின் பேரில் கூண்டில் ஏறிச் சொல்லி, குறுக்கு விசாரணையைத் தாண்டி நிற்பதுதான் சாட்சியம். இவை நான்கையும் ஒரே குரலில், ஒரே உறுதியோடு சொல்லும் தொடர் எவ்வளவு அழகாகத் தயாரிக்கப்பட்டிருந்தாலும் அதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

இந்த அளவுகோலில் முதலிடம் பெறுவது, 2018இல் வெளிவந்த "இன் தி டார்க்" பாட்காஸ்டின் இரண்டாவது பருவம். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் வைனோனா என்ற சிற்றூரில், 1996 ஜூலை 16 அன்று ஒரு மரச்சாமான் கடையில் நால்வர் சுட்டுக் கொல்லப்பட்டனர். கர்டிஸ் ஃபிளவர்ஸ் என்ற கறுப்பினத்தவர் மீது ஒரே அரசு வழக்கறிஞர் ஆறு முறை விசாரணை நடத்தினார். அந்தச் செய்தியாளர்கள் மிசிசிப்பிக்கே குடிபெயர்ந்து சாட்சிகளை ஒருவர் ஒருவராகத் தேடிப் பேசினர். அதைவிட முக்கியமாக, அந்த வழக்கறிஞர் அலுவலகம் 1992 முதல் 2017 வரை நடத்திய 225 விசாரணைகளின் ஆவணங்களை எடுத்து ஆராய்ந்து, ஜூரிகளைத் தேர்ந்தெடுக்கும்போது வெள்ளையர்களைப் போல நான்கு மடங்குக்கும் மேலான விகிதத்தில் கறுப்பினத்தவர்கள் நீக்கப்பட்டதைக் கணக்காகவே காட்டினர். இந்த வேலையில் ஊகம் இல்லை. பழைய கோப்புகளைப் புரட்டும் பொறுமை இருக்கிறது. 2019 ஜூன் 21 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்ற பெரும்பான்மையில் தண்டனையை ரத்து செய்தது. 2020 செப்டம்பரில் குற்றச்சாட்டுகளும் கைவிடப்பட்டன. உண்மைக் குற்றத் தொடர் என்ற வகைக்கு ஒரு நியாயம் உண்டு என்றால், அதற்கு நான் காட்டும் சாட்சி இதுதான்.

இதற்கு நேரெதிராக, படத்தொகுப்பு என்ன செய்யும் என்பதற்கு 2015இல் எச்பிஓ ஒளிபரப்பிய "தி ஜிங்ஸ்" தொடரைச் சொல்ல வேண்டும். ராபர்ட் டர்ஸ்ட் என்ற பெரும் செல்வர், பேட்டி முடிந்து கழிவறைக்குள் போனபோது, சட்டையில் இருந்த மைக் அணைக்கப்படவில்லை. தனக்குள் பேசிக்கொண்டவர், நான் என்னதான் செய்தேன் என்று கேட்டு, எல்லோரையும் கொன்றேன் என்று தாமே பதில் சொல்வதாகத் தொடர் முடிந்தது. உலகமே அதிர்ந்தது. ஆனால் 2019இல் நீதிமன்ற ஆவணங்கள் வழியாக முழு எழுத்துப்படி வெளிவந்தபோது, அந்த இரண்டு வாக்கியங்களும் அடுத்தடுத்துச் சொல்லப்பட்டவை அல்ல, வெவ்வேறு இடங்களிலிருந்து எடுத்து வரிசை மாற்றி ஒட்டப்பட்டவை என்பது தெரிந்தது. டர்ஸ்ட் 2021 செப்டம்பரில் தன் தோழி சூசன் பெர்மனின் கொலை வழக்கில் குற்றவாளி என்று தீர்மானிக்கப்பட்டார்; ஆகவே விளைவு சரிதானே என்று சிலர் கேட்கிறார்கள். என் தொழிலில் அந்தக் கேள்விக்கு இடமில்லை. கேள்வியும் பதிலுமாக ஒலித்தது, அப்படிப் பேசப்பட்டதே அல்ல. ஒரு சாட்சியின் வாக்குமூலத்தில் விசாரணை அதிகாரி இதைச் செய்திருந்தால் நாங்கள் அவரை ஒரு நாள் முழுவதும் கூண்டில் நிறுத்திக் கேள்வி கேட்டிருப்போம்.

"சீரியல்" பாட்காஸ்டின் முதல் பருவம் பற்றி எனக்கு இரட்டை மனம் இருக்கிறது. 2014 அக்டோபரில் தொடங்கிய அதன் பன்னிரண்டு அத்தியாயங்களும், அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலத்தில் பால்டிமோர் பகுதியில் 1999 ஜனவரியில் கொல்லப்பட்ட ஹே மின் லீ என்ற பள்ளி மாணவியின் வழக்கையும், அதில் ஆயுள் தண்டனை பெற்ற அட்னன் சையத் என்ற இளைஞரின் தரப்பையும் பேசின. தன் சந்தேகங்களைத் தொகுப்பாளர் மறைக்காமல் சொன்னது அதன் நேர்மை. கைப்பேசிக் கோபுரப் பதிவை வைத்து ஒருவர் இருந்த இடத்தை எந்த அளவுக்குச் சொல்ல முடியும் என்ற கேள்வியைப் பொதுமக்கள் நடுவே கொண்டுவந்தது அதன் பெரும்பணி. நம் ஊர் வழக்குகளிலும் சிடிஆர் எனப்படும் அழைப்பு விவரப் பதிவுகளைத் தெய்வவாக்காக நினைப்பவர்கள் அதைக் கேட்க வேண்டும். ஆனால் அந்தப் பன்னிரண்டு அத்தியாயங்களில் இறந்த பெண் மெல்ல மெல்லப் பின்னால் போய்விடுகிறாள்.

அது வெறும் மனக்குறை அல்ல, சட்டப் பிரச்சினையாகவே பின்னர் வடிவெடுத்தது. 2022 செப்டம்பரில் அரசுத் தரப்பே கேட்டுக்கொள்ள, சையத்தின் தண்டனை ரத்தாயிற்று. திங்கட்கிழமை நடக்கவிருந்த அந்த விசாரணையைப் பற்றி லீயின் சகோதரருக்கு வெள்ளிக்கிழமைதான் தகவல் சொன்னார்கள். காணொளி வழியாகப் பேசிய அவர், இது தனக்கு பாட்காஸ்ட் அல்ல, வாழ்க்கை என்று சொன்னார். குடும்பத்துக்குப் போதிய அறிவிப்பு தரப்படவில்லை என்ற காரணத்தால் மேல்முறையீட்டில் தண்டனை மீண்டும் நிலைநிறுத்தப்பட்டது. மேரிலாண்ட் உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் 4க்கு 3 என்ற பெரும்பான்மையில் அதை உறுதி செய்தது. 2025 மார்ச்சில், அனுபவித்த காலமே போதும் என்று தண்டனை குறைக்கப்பட்டாலும், குற்றத் தீர்மானம் இன்றும் நிற்கிறது. "சீரியல்" கேட்டுவிட்டு சையத் நிரபராதி என்று சத்தியம் செய்பவர்களும், கொலைகாரன் என்று சத்தியம் செய்பவர்களும் இந்தப் பத்தாண்டு வரலாற்றை முழுதாக அறிந்திருப்பதில்லை.

இந்தியாவுக்கு வந்தால் சிக்கல் இன்னொரு வகை. இங்கே விசாரணை முடிய ஆண்டுக்கணக்காகும். தொடர்கள் அதுவரை காத்திருப்பதில்லை. கேரளத்தின் கூடத்தாயியில் ஒரு குடும்பத்தில் அடுத்தடுத்து நடந்த மரணங்கள் பற்றி நெட்ஃபிளிக்ஸ் 2023 டிசம்பரில் வெளியிட்ட "கறி அண்ட் சயனைட்" ஆவணப்படம் நேர்த்தியானது. சந்தேகத்தை முதலில் எழுப்பிய குடும்பத்தினரின் உறுதி அதில் மதிப்போடு பதிவாகியிருக்கிறது, எதிரித் தரப்பு வழக்கறிஞருக்கும் இடம் தரப்பட்டிருக்கிறது. ஆயினும் அது வெளியானபோது வழக்கு விசாரணையில் இருந்தது. அப்படி இருக்க, கொடுக்கப்பட்டது என்று இனிமேல்தான் நிரூபிக்கப்பட வேண்டிய நஞ்சின் பெயரையே தலைப்பில் வைப்பது நியாயமில்லை. தீர்ப்புக்குப் பிறகும் தீர்ப்பு மாறலாம் என்பதற்கு 2008ஆம் ஆண்டின் நொய்டா இரட்டைக் கொலை வழக்கு போதும். கொல்லப்பட்ட சிறுமியின் பெற்றோர் 2013 நவம்பரில் தண்டிக்கப்பட்டனர், 2017 அக்டோபரில் அலகாபாத் உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. இடையில் வெளிவந்த நிகழ்ச்சிகள் விடுதலைக்குப் பிறகு தாமாகத் திருத்திக்கொள்வதில்லை. நீங்கள் பார்க்கும் காணொளி எந்தத் தேதியில் பதிவேற்றப்பட்டது, அதன்பின் வழக்கு என்ன ஆயிற்று என்று பாருங்கள். மாவட்ட நீதிமன்ற வழக்கின் நிலையை இ-கோர்ட்ஸ் தளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்க முடியும்.

அப்படியானால் நீதிமன்றமே இவற்றைத் தடுக்க வேண்டாமா என்று கேட்பவர்களோடு நான் உடன்படுவதில்லை. இந்தத் துறையின் எல்லையை வகுத்த தீர்ப்பு தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில்தான் பிறந்தது. மரண தண்டனை பெற்றுச் சிறையில் இருந்த ஆட்டோ சங்கர் எழுதியதாகச் சொல்லப்பட்ட சுயசரிதையை "நக்கீரன்" வெளியிட முற்பட்டபோது, அதில் காவல், சிறை அதிகாரிகளின் தொடர்புகள் இருந்ததால் அரசுத் தரப்பு எச்சரித்தது. இதழின் சார்பில் ஆர். ராஜகோபால் தொடர்ந்த வழக்கில் 1994 அக்டோபர் 7 அன்று உச்ச நீதிமன்றம், பொது ஆவணங்களில் இருப்பதை யாருடைய சம்மதமும் இன்றி வெளியிடலாம், அதைத் தாண்டி ஒருவரின் தனிவாழ்க்கைக்குள் போனால் அதன் விளைவுகளுக்கு வெளியிட்டவர் பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. முன்கூட்டியே தடுக்கும் அதிகாரம் அரசுக்கு இல்லை என்றும் சொன்னது. 2024 பிப்ரவரியில், தன் மகளைக் கொன்றதாகக் குற்றம்சாட்டப்பட்ட இந்திராணி முகர்ஜி பற்றிய ஆவணத் தொடரை நிறுத்தக் கோரி சிபிஐ போனபோது, மும்பை உயர் நீதிமன்ற நீதிபதிகள் தொடரைத் தாமே பார்த்துவிட்டு மனுவைத் தள்ளுபடி செய்தனர். சுதந்திரம் இவ்வளவு தெளிவாகத் தரப்பட்டிருக்கும்போது, பொது ஆவணத்தைத் தேடி எடுத்துப் படிக்கும் உழைப்பையாவது தொடர் தயாரிப்பவர்களிடம் எதிர்பார்க்க எனக்கு உரிமை உண்டு.

ராஜகோபால் வழக்கின் தீர்ப்பு விதிவிலக்காக நிறுத்திய ஓர் இடம் இருக்கிறது. தமிழ் யூடியூபில் நாள்தோறும் மீறப்படுவதும் அதுதான். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் பெயரையோ அடையாளத்தையோ வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதா 72ஆம் பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். குழந்தைகள் விஷயத்தில் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு தனியாக இருக்கிறது. இறந்துவிட்டவராக இருந்தாலும் இது பொருந்தும் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் நிபுண் சக்சேனா வழக்கில் விளக்கியது. பெயரை மறைத்துவிட்டுப் பள்ளி, தெரு, தந்தையின் தொழில் எல்லாவற்றையும் சொல்வதும் அடையாளத்தை வெளியிடுவதே. இத்தகைய காணொளியைப் பகிர்பவரும் பாதுகாப்பான இடத்தில் இல்லை.

சாட்சிகள் இவற்றைப் பார்ப்பதுதான் என்னை மிகவும் கவலைப்பட வைக்கிறது. சம்பவ இடத்திலிருந்து தூரத்தில் நின்றதாகக் காவல்துறையிடம் சொன்ன ஒருவர், இரண்டு ஆண்டுகள் கழித்துக் கூண்டில் ஏறி, எதிரியின் சட்டை நிறம் முதல் சொன்ன வார்த்தை வரை விவரிப்பதை நான் பார்த்திருக்கிறேன். அவர் பொய் சொல்ல வந்தவர் அல்ல. அந்த வழக்கைப் பற்றிய காணொளியைப் பலமுறை பார்த்ததில், பார்த்ததும் கேட்டதும் அவர் நினைவில் ஒன்றாகிவிட்டன. குறுக்கு விசாரணையில் அது வெளிவந்தபோது, அவர் உண்மையில் கண்ட பகுதியும் சேர்ந்து நம்பகத்தன்மை இழந்தது. இதனால் நட்டப்பட்டது பாதிக்கப்பட்ட குடும்பம்தான். ஆஸ்திரேலியாவில், 1982இல் காணாமல்போன லினெட் டாசன் பற்றி 2018இல் வெளிவந்த "தி டீச்சர்ஸ் பெட்" பாட்காஸ்ட், வழக்குக்குப் புத்துயிர் தந்தது என்று பாராட்டப்படுகிறது. அவர் கணவர் கைதான பிறகு, விசாரணை கெடாமல் இருக்க 2019இல் அந்த நாட்டில் அது நீக்கப்பட்டது. விளம்பரத்தின் தாக்கம் தணிவதற்காக விசாரணை ஒன்பது மாதம் நிறுத்திவைக்கப்பட்டது. கடைசியில் ஜூரி இல்லாமல் தனி நீதிபதி விசாரித்து 2022 ஆகஸ்டில் குற்றவாளி என்று தீர்ப்பளித்தார். நம் நாட்டில் ஜூரி இல்லை என்பதால் இந்த ஆபத்து நமக்கில்லை என்று சிலர் சொல்கிறார்கள். சாட்சிகள் இங்கும் மனிதர்கள்தானே.

ஆகவே, உங்கள் வீட்டில் நடந்த ஒரு துயரத்தைப் பற்றிப் பேசச் சொல்லி ஒரு சேனலோ நிறுவனமோ வந்தால், சம்மதிக்கும் முன் சிலவற்றைச் செய்யுங்கள். குற்றப்பத்திரிகையின் சாட்சிப் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், சாட்சியம் முடியும் வரை கேமரா முன் பேச வேண்டாம். பேட்டியில் நீங்கள் சொன்னது உங்களது முந்தைய கூற்றாகக் குறுக்கு விசாரணையில் உங்கள் முன்பே வைக்கப்படலாம். தேதியில், நேரத்தில் ஏற்படும் சிறு பிசகும் முரண்பாடாகக் காட்டப்படும். அரசு வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. சாட்சியம் முடிந்த பிறகு பேச விரும்பினால், அது உங்கள் உரிமை. அப்போதும், பதிவான முழுப் பேட்டியின் பிரதி ஒன்று உங்களுக்குத் தரப்படும், வெளியீட்டுக்கு முன் உங்கள் பகுதி உங்களுக்குக் காட்டப்படும், குழந்தைகளின் படங்கள் பயன்படுத்தப்படாது என்பதைக் கையெழுத்துக்கு முன் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.