கம்பிப் பதம் கண்ட நகப்பூச்சு

வெல்லப் பாகு காய்ச்சுகிறவர்கள் ஒரு துளியை இரண்டு விரல்களுக்கிடையே வைத்து இழுத்துப் பார்த்து, கம்பியாக நீண்டால் பதம் வந்துவிட்டது என்பார்கள். பல மாதங்கள் அலமாரியில் கிடந்த நகப்பூச்சுக் குப்பியைத் திறந்து தூரிகையை உயர்த்தும்போது நாம் காண்பதும் ஏறத்தாழ அதே பதம்தான்: பூச்சு நூலாக இழுபடுகிறது, நகத்தில் பரவாமல் திட்டுத்திட்டாக நிற்கிறது. கெட்டுப்போய்விட்டது என்று அதைத் தூக்கி எறிகிறோம். பெரும்பாலும் அது கெட்டிருப்பதில்லை. பாகில் நீர் வற்றியதைப் போல, பூச்சில் கரைப்பான் வற்றியிருக்கிறது, அவ்வளவே. வற்றிய பொருள் எதுவென்று அறிந்து அதையே திரும்பச் சேர்த்தால் பழைய பதம் மீளும். கையில் கிடைத்த வேறொன்றைச் சேர்க்கும்போதுதான் உண்மையிலேயே கெடுகிறது.

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் 'கியூடெக்ஸ்' என்று ஒரு வணிகப் பெயராலேயே பலரும் அழைத்துப் பழகிய சாதாரண நகப்பூச்சில், பாதிக்கும் மிக அதிகமான பங்கு, நகத்தில் தங்கப்போகாத திரவம்தான். எத்தில் அசிட்டேட்டும் பியூட்டைல் அசிட்டேட்டும் அதில் முதன்மையானவை. மூடியைத் திருகியவுடன் எழும், கனிந்த வாழைப்பழத்தை நினைவூட்டும் வாடை பெரும்பாலும் பியூட்டைல் அசிட்டேட்டினுடையது. அந்தத் திரவத்தில் கரைந்திருக்கும் நைட்ரோசெல்லுலோஸ்தான் நகத்தின்மீது பளபளப்பான படலமாக எஞ்சுகிறது. பருத்தியிலோ மரக்கூழிலோ உள்ள செல்லுலோஸை நைட்ரிக் அமிலமும் சல்பியூரிக் அமிலமும் கலந்த கலவையில் இட்டு இதைத் தயாரிக்கிறார்கள். நைட்ரஜன் விகிதம் 13 விழுக்காட்டை எட்டும் அளவுக்கு அந்த வினையைக் கொண்டுசென்றால் கிடைப்பது, 1846இல் பாசல் நகர வேதியியலாளர் கிறிஸ்டியன் ஃபிரெடரிக் ஷோன்பைன் உலகுக்கு அறிவித்த வெடிபஞ்சு. நகப்பூச்சுக்கு உரிய வகையில் நைட்ரஜன் அதைவிடக் குறைவு. 1920களில் அமெரிக்கக் கார்களுக்கு அடிக்கப்பட்ட 'டுகோ' என்ற விரைந்து உலரும் பூச்சும் இதே பொருளால் ஆனதுதான். அதற்கு முன் ஒரு காரின் வார்னிஷ் உலர வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. நம்மூர்த் தச்சர்கள் இன்றும் 'டுகோ அடிப்பது' என்று சொல்வது அந்தப் பெயரின் எச்சம்.

உலர்தல் என்ற ஒரே சொல்லால் நாம் இரண்டு வெவ்வேறு நிகழ்வுகளைக் குறிக்கிறோம். ஆளிவிதை எண்ணெயில் குழைத்த ஓவியச் சாயம் உலரும்போது எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்துவிடுகின்றன. அழகு நிலையங்களில் புற ஊதா விளக்கின்கீழ் இறுகவைக்கப்படும் ஜெல் பூச்சிலும் அவ்வாறே புதிய வேதிப்பிணைப்புகள் உருவாகின்றன. இவ்விரண்டும் இட்லி வெந்ததைப் போன்றவை, மீண்டும் மாவாக்க முடியாது. சாதாரண நகப்பூச்சில் அப்படி எந்த வினையும் நடப்பதில்லை. கரைப்பான் ஆவியாகிப் போகிறது. நைட்ரோசெல்லுலோஸின் நீண்ட சங்கிலிகள் நெருங்கிச் சிக்கிக்கொண்டு படலமாகின்றன. ஒரு வாரம் கழித்துப் பஞ்சில் ரிமூவரைத் தொட்டுத் துடைத்தால் அந்தப் படலம் கரைந்து வந்துவிடுவதே இதற்குச் சான்று. குப்பிக்குள் நடக்கும் தடிப்பு, நகத்தின்மேல் சில நிமிடங்களில் நடக்கும் அதே உலர்தல். மாதக்கணக்கில் நடப்பது ஒன்றே வேறுபாடு.

கொஞ்சம் கரைப்பான் போனதற்கே பூச்சு ஏன் அவ்வளவு தடிக்க வேண்டும் என்று கேட்கலாம். நீண்ட சங்கிலி மூலக்கூறுகளின் கரைசல் சர்க்கரைக் கரைசலைப் போல நிதானமாகத் தடிப்பதில்லை. சங்கிலிகள் ஒன்றன்மேல் ஒன்று புரளும் அளவுக்கு நெருங்கிய பிறகு, செறிவு இரு மடங்கானால் பாகுத்தன்மை பத்து மடங்குக்கும் மேல் உயரக்கூடும். நமக்கு இதில் ஓர் ஆதாயமும் இருக்கிறது: சிறிதளவு இழப்பு பெருந்தடிப்பைத் தருவதைப் போலவே, சிறிதளவு கரைப்பானே பெரும் இளக்கத்தைத் தரும். ஆகவே மருந்து துளிக்கணக்கில்தான்.

கரைப்பான் எவ்வழியே போகிறது என்பதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். பாதி தீர்ந்த குப்பியில் 5 மில்லிலிட்டர் வெற்றிடம் இருப்பதாகவும், 30 டிகிரி வெப்பத்தில் அது முழுவதும் எத்தில் அசிட்டேட் ஆவியால் நிறைவுற்றிருப்பதாகவும் கொள்வோம். அந்த ஆவி முழுவதும் ஒருமுறை வெளியேறினால் இழப்பு ஏறத்தாழ 3 மில்லிகிராம். நூறு முறை திறந்து உடனே மூடினாலும் கிராமில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாது. எனவே திறப்பது குற்றமன்று. பத்து விரலுக்கும் பூசி முடிக்கும்வரை மூடாமல் வைத்திருப்பதும், மூடியபின்னும் கசிவதுமே குற்றம். தூரிகையை வெளியே எடுக்கும்போது விளிம்பில் வழியும் பூச்சு, கழுத்தின் மரைகளில் உலர்ந்து ஏடு ஏடாகப் படிகிறது. அடுத்த முறை மூடி முழுவதும் அமராமல் அந்த ஏட்டின்மேல் நின்றுவிடுகிறது. இறுக்கமாகத் திருகியதாக நமக்குத் தோன்றும் குப்பிக்குள்ளிருந்து இரவும் பகலும் ஆவி போய்க்கொண்டே இருக்கும். பூசி முடித்ததும் ரிமூவர் தொட்ட பஞ்சால் கழுத்தையும் மூடியின் உட்புறத்தையும் ஒருமுறை துடைப்பது, நான் அறிந்தவரை, குப்பியின் ஆயுளை நீட்டிக்கும் வழிகளில் மிகப் பெரியது. ஆனால் அந்த ரிமூவர் ஒரு துளிகூட உள்ளே போகக் கூடாது.

காரணம், ரிமூவர் தூய கரைப்பான் அன்று. அதில் பெரும்பாலும் நீரும், சில வகைகளில் கிளிசரினும் எண்ணெயும் நறுமணப்பொருளும் கலந்திருக்கும். நைட்ரோசெல்லுலோஸ் நீரில் கரையாது. நீர் சேரச் சேர அது கரைசலை விட்டுப் பிரிந்து, திரிந்த பால் போலக் கட்டிகட்டியாகும். பல ரிமூவர்களின் முதன்மைக் கரைப்பானான அசிட்டோன், நீர் கலவாமல் தூயதாக இருந்தால் அந்த அளவுக்குத் தீங்கானதன்று. அது நைட்ரோசெல்லுலோஸை நன்றாகக் கரைக்கும், முதற்பார்வைக்குப் பூச்சும் புதுப்பொலிவு பெறும். பலர் அதையே பரிந்துரைப்பதும் இதனால்தான். ஆனால் அசிட்டோன் 56 டிகிரியிலும், எத்தில் அசிட்டேட் 77 டிகிரியிலும், பியூட்டைல் அசிட்டேட் 126 டிகிரியிலும் கொதிப்பவை. பூச்சு தயாரிப்பவர்கள் விரைந்து போகும் கரைப்பானையும் தயங்கிப் போகும் கரைப்பானையும் அளந்து கலக்கிறார்கள்: முதலாவது பூச்சு வழியாமல் நிற்க, இரண்டாவது தூரிகைத் தடங்கள் சமனாகும்வரை படலத்தை இளக்கமாக வைத்திருக்க. அசிட்டோன் இந்த ஒழுங்கைக் குலைத்துவிடுகிறது. மேலும் அது சட்டென்று ஆவியாகும்போது நகத்தின் மேற்பரப்பு குளிர்ந்து, ஈரக்காற்றிலுள்ள நீராவி படலத்தின்மேல் குளிர்ந்து படியக்கூடும். அப்போது பளபளப்பு போய் வெண்மூட்டம் படரும். கடலோர ஊர்களின் புழுக்கத்தில் இது நடக்கும் வாய்ப்பு இன்னும் அதிகம்.

சேர்க்க வேண்டியது, நகப்பூச்சுக்கென்றே விற்கப்படும் தின்னர். எத்தில் அசிட்டேட்டும் பியூட்டைல் அசிட்டேட்டும் அதில் இருப்பதை உறையில் படித்துப் பார்த்து வாங்கலாம். மரச்சாமான் பட்டறைகளில் 'என்.சி. தின்னர்' என்று ஒன்று கிடைக்கும். அந்த இரண்டு எழுத்துகளும் நைட்ரோசெல்லுலோஸைத்தான் குறிக்கின்றன என்பதால் உறவு நெருங்கியதே. ஆயினும் டொலுயீன் போன்ற, தோலுக்கும் மூச்சுக்கும் ஆகாத கரைப்பான்கள் அதில் இருக்கக்கூடும் என்பதால் அதை விரல்களுக்குக் கொண்டுவருவது தவறு.

தின்னரைத் தேடுவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. பழைய நகச்சாயங்களில் கரையும் சாயங்கள் இருந்தன. 1932இல் தொடங்கப்பட்ட ரெவ்லான் என்ற அமெரிக்க அழகுசாதன நிறுவனம், கரையாத நிறமித் துகள்களைக் கொண்டு ஒளி ஊடுருவாத அடர்ந்த வண்ணங்களை உருவாக்கிப் பெயர்பெற்றது. நிறமி என்றால் படிதல் என்ற தொல்லையும் உடன்வரும். வெண்ணிறமியான டைட்டானியம் டையாக்சைடு நீரைவிட நான்கு மடங்குக்கும் மேல் அடர்த்தியானது. சுற்றியுள்ள கரைப்பானோ நீரைவிட இலேசானது. துகள்கள் அடியில் தங்காமலிருக்க, ஹெக்டோரைட் என்ற களிமண்ணைப் பதப்படுத்திச் சேர்க்கிறார்கள். அதன் மெல்லிய தகடுகள் அசையாதிருக்கும்போது சீட்டுக்கட்டு வீடு போல ஒன்றையொன்று தாங்கிக் கூழாக நிற்கும். தூரிகை தொட்டதும் வீடு கலைந்து பூச்சு ஓடும். நீண்ட நாள் அசையாத குப்பி தடித்துத் தெரிவது சிலவேளை இந்தக் கூழால்தான், கரைப்பான் இழப்பால் அன்று. எனவே முதலில் குப்பியை இரண்டு உள்ளங்கைகளுக்கிடையே வைத்து இரண்டு நிமிடம் உருட்ட வேண்டும். வெதுவெதுப்பான நீரில் சில நிமிடம் நிறுத்தினாலும் பூச்சு இளகும், ஆனால் ஆறியதும் பழைய தடிப்புக்கே திரும்பும். போன கரைப்பானை வெப்பம் கொண்டுவந்துவிடாது.

உருட்டியும் நூல் இழுத்தால் இரண்டு மூன்று துளி தின்னரை விட்டு, மூடி, மீண்டும் உருட்டிச் சிறிது நேரம் விட்டுவைக்க வேண்டும். தடித்த கூழுக்குள் கரைப்பான் புகுந்து பரவ நேரம் எடுக்கும். அவசரப்பட்டு அடுத்தடுத்து ஊற்றுகிறவர்கள் அரைமணி கழித்துத் தண்ணீரான பூச்சைக் காண்பார்கள். அதுவும் மீளக்கூடிய பிழையே: காற்றோட்டமான இடத்தில் சிறிது நேரம் திறந்துவைத்தால் மிகுதி ஆவியாகிவிடும். இவற்றை அடுப்பருகிலோ, பூசை விளக்கு எரியும் அறையிலோ செய்யவே கூடாது. எத்தில் அசிட்டேட்டின் தீப்பற்று வெப்பநிலை, அதாவது சுடர் பட்டால் அதன் ஆவி பற்றிக்கொள்ளும் மிகக் குறைந்த வெப்பநிலை, பூஜ்யத்துக்கும் கீழே 4 டிகிரி. அதன் ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனமானது என்பதால் மேசையிலிருந்து வழிந்து, தரையில் எரியும் சுடரைக்கூட எட்டும்.

பூச்சைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கும் வழக்கத்தில் அறிவியல் இருக்கிறது: 5 டிகிரியில் எத்தில் அசிட்டேட்டின் ஆவியழுத்தம் 30 டிகிரியில் உள்ளதில் கால் பங்கை ஒட்டியே இருக்கும். ஆனால் மூடி சரியாக அமர்ந்த குப்பிக்கு அது தேவையில்லை. குளிர்ந்தபடியே திறந்தால் காற்றின் ஈரம் உள்ளே படியும் வாய்ப்பும் உண்டு. வெயில் படாத அலமாரியில் நிமிர்த்தி வைத்தாலே போதும். படுக்கவைத்தால் பூச்சு மரையில் தேங்கி உலரும்.

நகத்தின்மேல் பூச்சு நீடிப்பதும் இதே கரைப்பான் கணக்கைச் சார்ந்ததே. தடித்த பூச்சைத் தடவினால் படலம் தடிமனாகிறது; மேற்புறம் முதலில் தோலாகக் காய்ந்து, உள்ளிருக்கும் கரைப்பானுக்கு வழியடைக்கிறது. தொட்டால் காய்ந்ததாகத் தோன்றும் அந்தப் பூச்சில் இரவு படுக்கைவிரிப்பின் நெசவு பதிவது அதனால்தான். மெல்லிய இரண்டு பூச்சு, நடுவே சில நிமிட இடைவெளி என்பது ஒரு தடித்த பூச்சைவிட எப்போதும் மேல். நகம் நீரை உறிஞ்சி உப்பும், உலர்ந்து சுருங்கும். படலம் அந்த அளவுக்கு ஈடுகொடுக்காது என்பதால், பாத்திரம் துலக்கிய கையோடு பூசியது விரைவில் உரியும். படலத்துக்கு நெகிழ்வு தருவதற்காகச் சேர்க்கப்படும் பொருள்களில் ஒன்று கற்பூரம். அது திறந்திருந்தால் கரைந்து காணாமற்போவதை நாம் அறிவோம். பலமுறை தின்னர் விட்டு மீட்ட பழைய பூச்சு எளிதில் விரிசல் விடுவதற்கு அதன் இழப்பும் ஒரு காரணமாகலாம்.

எல்லாக் குப்பியையும் மீட்க முடியாது. வெளிச்சம் பட்டு இறுகிய ஜெல் பூச்சு மீளாது. நீரை அடிப்படையாகக் கொண்ட, சிறுவர்களுக்கான பூச்சுகளில் நுண்துளிகளாக மிதக்கும் அக்ரிலிக் ஒருமுறை ஒன்றுகூடிவிட்டால் நீர் சேர்த்தாலும் பிரியாது. அசிட்டேட் தின்னர் அதற்கு மாறானது. ரிமூவர் ஊற்றித் திரிந்துபோனதும் அவ்வகையே. அவற்றைக் கழுவுதொட்டியில் கவிழ்க்காமல், மூடியை இறுக்கி, பழைய பெயின்ட் டப்பாக்களைப் போலவே வீட்டு அபாயக் கழிவோடு தனியே ஒப்படைக்க வேண்டும்.