பள்ளியில் கொடுத்த பரிந்துரைச் சீட்டு: அதற்கு அப்புறம் என்ன செய்ய வேண்டும்?

அரசுப் பள்ளியிலும் அரசு உதவிபெறும் பள்ளியிலும் படிக்கிற பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு ஒரு முறை மருத்துவப் பரிசோதனை உண்டு. அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை. 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய கார்யக்ரம் என்ற திட்டத்தில் இது நடக்கிறது. முழுப் பெயர் வாயில் நுழையாவிட்டால் பரவாயில்லை, ஆர்.பி.எஸ்.கே. என்றால் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் புரியும். பிறவிக் குறைபாடு, சத்துக் குறைபாடு, நோய், வளர்ச்சித் தாமதம் என்று நான்கு வகையில் சுமார் 30 கோளாறுகளைப் பார்க்கிறார்கள். 18 வயது வரை இந்த உரிமை உண்டு. கோளாறு தெரிந்தால் சிகிச்சையும், தேவைப்பட்டால் அறுவை சிகிச்சையும் இலவசமாகவே தர வேண்டும்.

பரிசோதனை பெரும்பாலும் நடந்துவிடுகிறது. சிகிச்சைதான் பாதியில் நிற்கிறது. மருத்துவக் குழு வருகிறது, வரிசையில் நிறுத்திப் பார்க்கிறது, கோளாறு உள்ள பிள்ளைக்கு மேல்சிகிச்சைக்கான பரிந்துரைச் சீட்டு எழுதிக் கொடுக்கிறது, அடுத்த பள்ளிக்குப் போய்விடுகிறது. பள்ளியில் கேட்டால் "எமிஸில் ஏற்றியாச்சு" என்கிறார்கள். எமிஸ் என்பது பள்ளிக்கல்வித் துறையின் கணினிப் பதிவேடு. சுகாதார நிலையத்தில் கேட்டால் "சீட்டு கொடுத்தாச்சு" என்கிறார்கள். இரண்டு பேருக்கும் அத்துடன் வேலை முடிந்தது. காதில் சீழ் வடிந்து கேட்கும் திறன் குறைந்த ஒரு பெண், இரண்டு வகுப்பு தாண்டும் வரை "கவனம் இல்லாத பிள்ளை" என்ற பெயரோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அவளுக்கும் சீட்டு கொடுத்திருந்தார்கள். அது அவள் புத்தகப் பையிலேயே கிழிந்து போயிருந்தது. பெற்றோருக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதனால் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, குழு எந்தத் தேதியில் வரும் என்பது. எந்தப் பள்ளிக்கு எந்த நாள் என்று முன்கூட்டியே திட்டம் போட்டுத்தான் குழு கிளம்புகிறது. தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். அன்று பிள்ளை விடுப்பு எடுத்துவிட்டால் அடுத்த ஆண்டு வரை காத்திருக்கச் சொல்வார்கள். காத்திருக்க வேண்டியதில்லை. குழு பக்கத்துப் பள்ளிக்கு வரும் நாளில் பிள்ளையை அங்கே கூட்டிப்போய்க் காட்டக் கேட்கலாம், அல்லது நேரே சுகாதார நிலையத்துக்கே போகலாம். வரிசையில் நிற்கும்போது பிள்ளை வாய் திறந்து எதையும் சொல்லாது. நூறு பேரைப் பார்க்க வேண்டிய மருத்துவருக்கு ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது சில நிமிடம்தான். ஆகவே வீட்டில் கவனித்ததை, அதாவது இரவில் மூச்சு வாங்குகிறது, போர்டு தெரியவில்லை என்கிறது, மாதவிடாய் அதிகமாகப் போகிறது என்பதை எல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள். முடிந்தால் நீங்களே போய் நில்லுங்கள். உங்களைத் தடுக்கும் விதி எதுவும் இல்லை.

யாருக்கு உண்டு என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தனியார் பள்ளிக்கு இந்தக் குழு வராது. கட்டாயக் கல்விச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் சேர்ந்த ஏழைப் பிள்ளையும் இதில் விட்டுப்போகிறது, ஏனென்றால் திட்டம் பார்ப்பது பள்ளியின் வகையைத்தான், பிள்ளையின் வறுமையை அல்ல. உதவிபெறும் பள்ளி வளாகத்துக்குள்ளேயே அரசு உதவி இல்லாத சுயநிதிப் பிரிவு நடந்தால், உங்கள் பிள்ளையின் பெயர் எந்தப் பிரிவில் இருக்கிறது என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். இப்படி விடுபட்டவர்கள் பரிசோதனைக்காகக் காத்திருக்காமல் அரசு மருத்துவமனைக்கு நேராகப் போய் ஓ.பி. சீட்டு போட்டுக் காட்ட வேண்டியதுதான்.

இனி அந்தச் சீட்டு. கையில் வந்ததும் மூன்று விஷயம் பாருங்கள். என்ன கோளாறு என்று எழுதியிருக்கிறதா, எந்த மருத்துவமனைக்கு, எந்தப் பிரிவுக்கு என்று எழுதியிருக்கிறதா, மருத்துவரின் கையெழுத்தும் முத்திரையும் இருக்கிறதா. வெறுமனே "ஜி.ஹெச். போகவும்" என்று எழுதிய சீட்டை வாங்கிக்கொண்டு போனால் அங்கே பொது ஓ.பி.யில் நிற்க வைத்து, ஒரு இருமல் மருந்தோடு திருப்பி அனுப்புவார்கள். தெளிவாக எழுதித் தரச் சொல்லுங்கள். உடனே செல்போனில் படம் எடுத்து வையுங்கள். சீட்டு தொலைந்தால் "மறுபடி குழு வரட்டும்" என்பது சரியான பதில் அல்ல. பரிசோதனைப் பதிவு குழுவிடம் இருக்கிறது, அதைப் பார்த்து வேறு சீட்டு எழுதித் தர முடியும்.

அடுத்து எங்கே போவது என்பதில்தான் மக்கள் அதிகமாக அலைகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையம் ஜி.ஹெச்.சுக்கு அனுப்பும். ஜி.ஹெச்., மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பும். மருத்துவக் கல்லூரி "ஜி.ஹெச்.சில் கடிதம் வாங்கி வாருங்கள்" என்று திருப்பி அனுப்பும். ஒவ்வொரு முறையும் அந்த அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போகிறது, பிள்ளைக்கு ஒரு நாள் பாடம் போகிறது. இந்த அலைச்சல் கூடாது என்பதற்காகவே மாவட்டத்தில் ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையம் என்று ஒன்று இருக்கிறது. டி.இ.ஐ.சி. என்று கேட்டால் சொல்வார்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ இருக்கும். குழந்தை மருத்துவர், பேச்சுப் பயிற்சி, செவித்திறன் சோதனை, இயன்முறைப் பயிற்சி, கண், பல் எல்லாம் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. சில இடங்களில் பணியிடம் காலியாகக் கிடக்கும், அதற்காகவே போவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். சீட்டு எழுதிய குழுவின் மருத்துவரிடமே மையத்தின் தொலைபேசி எண்ணை வாங்கி, எந்த நாளில் எந்த மருத்துவர் இருப்பார் என்று விசாரித்த பிறகு கிளம்புங்கள். அங்கே ஒருங்கிணைப்புக்கு என்றே ஒரு மேலாளர் பதவி உண்டு. உயர் சிகிச்சைக்கு அனுப்பினால் எங்கே, யாரைப் பார்ப்பது, என்ன காகிதம் என்பதை அவரிடம் எழுதி வாங்குங்கள். வாயால் சொன்னதை நம்பி பஸ் ஏறாதீர்கள்.

பணம் பற்றிப் பேச்சு வரும் இடத்தில் இன்னும் கவனம் வேண்டும். ஆர்.பி.எஸ்.கே.வுக்கு வருமான வரம்பு கிடையாது. ஆனால் அறுவை சிகிச்சை என்று வரும்போது தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் அட்டையைத்தான் முதலில் கேட்பார்கள். அதற்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், காப்பீட்டுத் தொகை குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம். அட்டை இல்லை என்பதற்காக "இந்தத் திட்டத்தில் உங்களுக்கு எதுவும் இல்லை" என்று அனுப்பிவிட்டால் அது தவறு. பள்ளிப் பரிசோதனையில் கண்டுபிடித்து அனுப்பப்பட்ட பிள்ளை என்று சொல்லி, டி.இ.ஐ.சி. மேலாளரிடமே திரும்பப் போங்கள்.

அட்டை வாங்கத் தகுதி உள்ளவர்கள் அறுவைத் தேதி வரும் வரை காத்திருக்கக் கூடாது. பெயர் பொருந்தாத சிக்கலில் நின்றுபோகும் குடும்பங்கள் அவ்வளவு இருக்கின்றன. பள்ளிப் பதிவேட்டில் ஒரு இனிஷியல், ஆதாரில் வேறொன்று, ரேஷன் ஸ்மார்ட் கார்டில் பிள்ளையின் பெயரே இல்லை. மருத்துவமனை கவுண்டரில் இருப்பவருக்கு அது வேறு பிள்ளை. இதய அறுவைக்கு நாள் குறித்த பிறகு ஒரு அப்பா பெயர் திருத்தத்துக்காக இ-சேவை மையத்துக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு எழுத்துப் பிழைக்காகப் பிள்ளையின் இதயம் காத்திருக்க வேண்டுமா? ஆனால் கோபப்பட்டு நமக்கு ஆவது ஒன்றும் இல்லை. சீட்டு கிடைத்த அன்றே எல்லாக் காகிதத்தையும் எடுத்து வைத்து, பெயரும் பிறந்த தேதியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்மார்ட் கார்டில் பிள்ளையின் பெயர் இல்லை என்றால் பிறப்புச் சான்றிதழோடு முதலில் அதைச் சேருங்கள். ஆதாரில் 5 வயதிலும் 15 வயதிலும் கைரேகை புதுப்பிக்க வேண்டும், அதை விட்டிருந்தால் சரிபார்ப்பில் தடங்கும். வருமானச் சான்று பழையதாக இருந்தால் புதிதாக விண்ணப்பியுங்கள். காப்பீட்டு அட்டைக்கான மையம் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கிறது.

தனியார் மருத்துவமனையில் காப்பீட்டில் சிகிச்சை என்றால் ஒன்றை மறக்காதீர்கள். இது பணம் கட்டாமல் சிகிச்சை பெறும் திட்டம். திட்டமிட்ட அறுவைக்கு முன்கூட்டியே அனுமதி வாங்குவது மருத்துவமனையின் வேலை. "இப்போது முன்பணம் கட்டுங்கள், அப்புறம் காப்பீட்டில் வாங்கித் தருகிறோம்" என்றால் கட்டாதீர்கள். கட்டிய பணத்தைத் திரும்பப் பெற்றவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அங்கேயே நின்றுகொண்டு 1800 425 3993 என்ற இலவச எண்ணுக்குப் பேசுங்கள். பேசும்போதே பல நேரம் அவர்களின் குரல் மாறும்.

கண்ணாடி விஷயம் சின்னதாகத் தெரியும், ஆனால் அதிகப் பிள்ளைகள் சிக்குவது இதில்தான். பார்வைக் குறை உள்ள பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசக் கண்ணாடி உண்டு. சோதித்த நாளுக்கும் கண்ணாடி கைக்கு வரும் நாளுக்கும் நடுவே மாதங்கள் போய்விடும், அதற்குள் பிள்ளையின் பவர் மாறியிருக்கலாம். அதனால் வந்த கண்ணாடியைப் போட்டு போர்டு தெரிகிறதா என்று கேளுங்கள். தலைவலி என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் கண் மருத்துவ உதவியாளரிடம் மறுபடி காட்டுங்கள். கண்ணாடி வரவே இல்லை என்றாலும் அவரைத்தான் கேட்க வேண்டும். பள்ளியைக் கேட்டால் "மேலே அனுப்பியிருக்கிறோம்" என்பதோடு முடிந்துவிடும்.

வாரம் ஒரு முறை கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரை பற்றியும் சொல்ல வேண்டும். 1 முதல் 5ஆம் வகுப்பு வரை இளஞ்சிவப்பு, 6 முதல் 12 வரை நீலம். சாப்பிட்ட பிறகுதான் விழுங்க வேண்டும். வெறும் வயிற்றில் விழுங்கினால் குமட்டும், ஒரு பிள்ளை வாந்தி எடுத்தால் அடுத்த வாரம் வகுப்பே மாத்திரையை ஜன்னல் வழியாக எறியும். மலம் கறுப்பாகப் போவதைக் கண்டு பயப்பட வேண்டாம். பலருக்குத் தெரியாத ஒன்று: இந்த வாராந்திர மாத்திரை ரத்தசோகை வராமல் தடுக்கத்தான், வந்துவிட்ட ரத்தசோகைக்கு இது மருந்து அல்ல. பிள்ளை வெளிறிப்போய், படி ஏறினால் மூச்சு வாங்கினால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள். 6 முதல் 11 வயது வரை 11.5க்குக் கீழே, 12 முதல் 14 வரை 12க்குக் கீழே, அதற்கு மேல் பெண்ணுக்கு 12க்கும் ஆணுக்கு 13க்கும் கீழே இருந்தால் அது ரத்தசோகை. அப்போது தினசரி மாத்திரை தர வேண்டும். "பள்ளியில்தான் மாத்திரை கொடுக்கிறார்களே" என்று திருப்பி அனுப்பினால் கிளம்பாதீர்கள். குடற்புழு நீக்க மாத்திரை கொடுக்கும் நாளில் பிள்ளை வராமல் போனால், விடுபட்டவர்களுக்கென்று சில நாள் கழித்து ஒரு முகாம் உண்டு, கேட்டு வாங்குங்கள்.

கற்றல் குறைபாடோ, கேட்பதில், பார்ப்பதில் சிரமமோ உள்ள பிள்ளை 10ஆம் வகுப்புத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகை கேட்கலாம். மருத்துவச் சான்று இல்லாமல் அது நடக்காது. தேர்வுக்கு முன் மாதத்தில் ஓடினால் "நேரம் முடிந்துவிட்டது" என்பார்கள். 9ஆம் வகுப்பிலேயே தொடங்குங்கள். கல்வித் துறையின் வட்டார வள மையம் நடத்தும் மதிப்பீட்டு முகாமின் தேதியைச் சிறப்புப் பயிற்றுநரிடம் கேளுங்கள். மாற்றுத்திறன் சான்றில் பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதம் என்ற எல்லை இருக்கிறது, அதற்குக் கீழே போட்டுவிட்டார்கள் என்று தோன்றினால் மறுமதிப்பீடு கேட்கலாம்.

2020இல் வந்த பள்ளி ஆரோக்கிய நலத் திட்டம் ஒவ்வொரு பள்ளியிலும் இரண்டு ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து நலத் தூதர்களாக்க வேண்டும் என்கிறது, முடிந்தவரை ஒருவர் ஆண், ஒருவர் பெண். உங்கள் பள்ளியில் அவர்கள் யார் என்று பெற்றோர் கூட்டத்தில் கேளுங்கள். பெயர் சொல்ல முடியாவிட்டால் அதையே பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தின் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள்.

எல்லாக் கதவும் மூடினால், 104க்குப் பேசி மருத்துவ வழி கேளுங்கள், பள்ளி தொடர்பான புகாருக்கு 14417, அரசு அலுவலகம் இழுத்தடித்தால் முதல்வரின் உதவி மைய எண் 1100. புகாரின் பதிவு எண்ணைக் குறித்து வையுங்கள், எண் இல்லாத புகார் போடாத புகார்தான். அதற்கும் பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு ஒரு மனு போடுங்கள். பொதுவாகக் கேட்காமல், இப்படி எழுதுங்கள்: "இந்தப் பள்ளியில் இந்தக் கல்வியாண்டில் ஆர்.பி.எஸ்.கே. குழு எந்தத் தேதியில் வந்தது, எத்தனை பிள்ளைகளைப் பரிந்துரைத்தது, அவர்களில் எத்தனை பேருக்குச் சிகிச்சை முடிந்தது?" மனுவை வட்டாரச் சுகாதார நிர்வாகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பி, ஒப்புகைச் சீட்டை வாங்கி வையுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு அடுத்த 30 நாளுக்குள் எழுதுங்கள்.