இரண்டு ஓட்டில் ஜெயித்தவர்

1997 மே மாதம் இங்கிலாந்தின் வின்செஸ்டர் தொகுதியில் லிபரல் டெமாக்ரட் கட்சியின் மார்க் ஓட்டன் வெறும் 2 ஓட்டில் ஜெயித்தார். அவருக்கு 26,100, கன்சர்வேட்டிவ் கட்சியின் ஜெரி மலோனுக்கு 26,098. லிபரல் டெமாக்ரட் என்ற பெயரையே தானும் ஒட்டிவைத்துக்கொண்டு நின்ற இன்னொருவர் 640 ஓட்டு வாங்கினார். (நம்ம ஊரில் அதே பெயருள்ள ஆளைத் தேடிப் பிடித்து நிறுத்துவார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.) மலோன் கோர்ட்டுக்குப் போனார். அதிகாரபூர்வ முத்திரை இல்லையென்று ஒதுக்கிய சீட்டுகளால் முடிவே மாறிப்போனது தெரிந்து, தேர்தல் ரத்தானது. நவம்பரில் இடைத்தேர்தல். அதே ஊர், அதே இருவர். ஓட்டன் இந்தமுறை 21,556 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார்.

தோற்றபிறகும் விடாமல் கோர்ட்டுக்குப் போனவர்மேல் மக்களுக்கு எரிச்சல் இருந்தது உண்மைதான். ஆனால் லேபர் கட்சியின் கணக்கைப் பாருங்கள்: மே மாதம் 6,528, நவம்பரில் 944. அப்போது ஆட்சியில் இருந்ததே லேபர்தான், பிரதமர் டோனி பிளேருக்கு நல்ல செல்வாக்கும் இருந்தது. ஆகவே கட்சி கசந்துபோய் இவ்வளவு பேர் விலகினார்கள் என்று சொல்வது கஷ்டம். நம்ம ஆள் எப்படியும் மூன்றாவதுதான், பிடிக்காதவர் வராமலாவது பார்த்துக்கொள்வோம் என்று பலர் ஓட்டை மாற்றிப் போட்டார்கள்.

அதிக ஓட்டு வாங்கிய ஒருவரே ஜெயிக்கும் முறையில் இது நடக்கும் என்று பிரெஞ்சு அறிஞர் மோரிஸ் டூவெர்ஜே 1950களிலேயே விளக்கியிருந்தார். இதற்கு வாக்காளருக்கு ஒரு தகவல் வேண்டும்: முதல் இரண்டு இடத்தில் யார்? முந்தைய முடிவு அதைச் சொல்லும். லிபரல் டெமாக்ரட் நோட்டீஸ்களில் 'இங்கே லேபர் ஜெயிக்காது' என்று கட்டை கட்டையாக ஒரு வரைபடம் இருக்கும். கட்டைகளின் உயரத்தை நம்பக்கூடாது என்பது அங்கே பழைய கிண்டல்.

லிவர்பூல் வால்டன் தொகுதியில் இந்த நோட்டீஸுக்கு வேலையே இல்லை. 2017இல் அங்கே லேபர் 85.7 சதவீதம் வாங்கியது. அப்படிப்பட்ட தொகுதியில் பசுமைக் கட்சிக்குப் போட்டாலும் ஒன்றும் ஆகிவிடாது. மனசுக்குப் பிடித்தவருக்குப் போடலாம், கோபத்தைக் காட்டலாம், மழை பெய்தால் வீட்டிலேயே இருந்துவிடலாம். பெரிய தலைவர்களும் அந்தப் பக்கம் அதிகம் எட்டிப்பார்ப்பதில்லை. சரி, அப்போது எம்.பி.யை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? பெரும்பாலும் சீட் கொடுக்கும் கட்சிதான்.