அந்த மங்கல் சிவப்பை நம்பாதீர்கள்

போன வாரமும் அதே காட்சி. வெற்றிடக் கலத்தின் ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு, பிளாட்டினப் படிகம் எங்கே நிற்கிறது என்று ஒரு மாணவர் தேடிக்கொண்டிருந்தார். பாதுகாப்புக் கண்ணாடி நெற்றியில் ஏறியிருந்தது. ஒரு கை படிகத்தைத் திருப்பும் குமிழில். லேசர் கற்றையை மறைக்கும் ஷட்டர் திறந்தே கிடந்தது. கத்திவிட்டேன். "சிவப்பு லேசாத்தான் சார் தெரியுது" என்றார். இந்த வருடத்தில் இதே பதிலை மூன்றாவது முறையாகக் கேட்கிறேன்.

நாம் செய்வது என்ன? கார்பன் மோனாக்சைடு பிளாட்டின அணு ஒன்றின் தலையில் உட்கார்ந்தால் அதன் அதிர்வு அலை எண் (ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை அலை என்பது) 2100-க்குப் பக்கத்தில் வரும்; வாயுவாகத் திரியும்போது 2143. அதைப் பிடிக்க அகச்சிவப்பு லேசர் கற்றையையும் 800 நானோமீட்டர் லேசர் கற்றையையும் படிகத்தில் ஒரே இடத்தில் விழவைத்து, இரண்டும் கூடிப் பிறக்கும் ஒளியை அளக்கிறோம். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே. அந்தப் படிகம் நன்றாக மெருகேற்றிய ஒரு மிரர் என்பதுதான் மறந்துபோகிறது. அதை 1 டிகிரி திருப்பினால் திரும்பி வரும் கற்றை 2 டிகிரி நகரும். 2 மீட்டர் தள்ளி அது 7 சென்டிமீட்டர். ஒரு கண்ணுக்கும் மறு கண்ணுக்கும் இடையே உள்ள தூரம் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

சரி, அந்த "லேசாத்தான்" விஷயத்துக்கு வருவோம். மங்கலாகத் தெரிவது கற்றையின் பலவீனம் அல்ல, உங்கள் கண்ணின் பலவீனம். பச்சை ஒளியை உணர்வதோடு ஒப்பிட்டால் 800 நானோமீட்டரை நம் கண் உணர்வது லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் கண்ணின் லென்சுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. வந்த அத்தனையையும் விழித்திரையில் ஒரு புள்ளியாகக் குவித்துவிடும். கண்ணின் முன்படலமான கார்னியாவில் இருந்ததைவிட அங்கே செறிவு சுமார் 1 லட்சம் மடங்கு. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பல்சில், அதாவது ஒரு லேசர் துடிப்பில், 1 மில்லிஜூல் என்றால், சாதாரணக் கண்ணாடி ஜன்னலின் ஒரு முகம் திருப்பி அனுப்பும் 4 சதவீதமே 40 மைக்ரோஜூல். இவ்வளவு குறுகிய பல்சுக்கு 1 மைக்ரோஜூலே விழித்திரையைச் சுட்டுவிடும். கண் சிமிட்டித் தப்பிக்கலாம் என்கிறீர்களா? சிமிட்டக் கால் விநாடி ஆகும். பல்ஸ் ஃபெம்டோ விநாடிகளில் (ஒன்று, விநாடியில் பத்து கோடி கோடியில் ஒரு பங்கு) முடிந்துவிடும். விழித்திரைக்கு வலியும் தெரியாது.

இன்னொரு கூத்து, சிக்னல் பலவீனம் என்று விளக்குகளை அணைத்துவிட்டு அலைன்மென்ட் செய்வது, அதாவது கற்றைகளைச் சரியான இடத்தில் விழவைப்பது. இருட்டில் கண்மணி 7 மில்லிமீட்டர் வரை விரியும். கதவைத் திறந்து வைத்து வரவேற்கிறீர்கள், வேறென்ன?

ஆகவே, தம்பி, தங்கச்சி, கேளுங்கள். அலைன்மென்டுக்குப் பவரைக் குறையுங்கள். கற்றையை ஐஆர் கார்டில் (அகச்சிவப்பு பட்டால் ஒளிரும் அட்டை) பாருங்கள், கேமராவில் பாருங்கள், ஜன்னல் வழியாகப் பார்க்காதீர்கள். படிகத்தைத் தொடும் முன் ஷட்டரை மூடுங்கள். கடிகாரம், மோதிரம் வாசலிலேயே கழற்றப்படட்டும். கீழே விழுந்த ஸ்க்ரூவை எடுக்கக் குனியும்போது உங்கள் கண் கற்றையின் மட்டத்தைக் கடக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு குனியுங்கள். பாதுகாப்புக் கண்ணாடியின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் அலைநீளத்தைப் படியுங்கள். பச்சை லேசர் அறையில் தொங்கும் ஆரஞ்சுக் கண்ணாடி இங்கே வெறும் அலங்காரமாக இருக்கலாம். (கார்பன் மோனாக்சைடு சிலிண்டருக்குப் பக்கத்தில் வாயு அலாரம் இருக்கிறதா என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அதற்கு வாசனையே கிடையாது.)

எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தும் திடீர் மின்னலோ, அப்புறம் மறையாத ஒரு கரும்புள்ளியோ தெரிந்தால், நாளைக்குச் சரியாகிவிடும் என்று படுக்கப் போகாதீர்கள். யாரும் திட்ட மாட்டார்கள், நான் உட்பட. லேசரை நிறுத்தச் சொல்லிவிட்டு, அலைநீளம், பல்ஸ் ஆற்றல், பல்சின் நீளம் மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அன்றைக்கே விழித்திரை மருத்துவரிடம் போங்கள். வண்டியை வேறு யாராவது ஓட்டட்டும்.