பாம்பைப் பார்ப்பதற்கு முன் பெட்டியைப் பார்ப்பேன்

"டாக்டர், பாம்பு சாப்பிட மாட்டேங்குது." பாம்பு வளர்ப்பவர்களிடமிருந்து எனக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். நான் திருப்பிக் கேட்பது பாம்பைப் பற்றியே இருக்காது. பாம்பு இருக்கும் பெட்டியின் சூடான பக்கம் எத்தனை டிகிரி? குளிர்ந்த பக்கம்? ஈரப்பதம் எவ்வளவு? கடைசியாக எப்போது எடை போட்டீர்கள்? எதிர்முனையில் சற்று மௌனம், பிறகு, "நம்ம ஊரே சூடுதானே டாக்டர், தனியா எதுக்கு அளக்கணும்?"

நாய்க்கு முடியவில்லை என்றால் முகமே சொல்லிவிடும். பாம்புக்குக் கண் இமைகூடக் கிடையாது. முனகாது, நொண்டாது. இருமவும் முடியாது, ஏனென்றால் நம்மைப் போல நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் அதற்கு இல்லை. காட்டில் நோயை வெளிக்காட்டிய பாம்பு அடுத்த வேளை யாருக்காவது இரையாகிவிடும் என்பதால், கடைசிவரை மறைத்து வைப்பதே அதன் இயல்பு. வளர்ப்பவர் கண்ணுக்கு நோய் தெரியும் நேரத்தில் அது பல வாரங்கள் பழையதாக இருக்கும். அதனால்தான் பாம்பைவிடப் பெட்டியை அதிகம் விசாரிக்கிறேன். என்னிடம் வரும் நோய்களில் பெரும்பாலானவை பெட்டியில் தொடங்கியவை.

மருத்துவத்துக்கு முன் சட்டம். சாரை, மண்ணுளி, மலைப்பாம்பு என்று நம் நாட்டுப் பாம்பு எதையும் வீட்டில் வைத்து வளர்க்க வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972 இடம் தரவில்லை. "தோட்டத்தில் கிடைத்த குட்டி" என்பதும் இதில் அடக்கம். அதில் உயிராபத்தும் இருக்கிறது. கண்ணாடி விரியன் குட்டியை மலைப்பாம்புக் குட்டி என்று நினைத்துக் கையில் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். வெளிநாட்டு இனங்களில் நம் ஊரில் அதிகம் வளர்க்கப்படுவது மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த பால் பைத்தான் (ball python, பந்து போலச் சுருளும் சிறிய மலைப்பாம்பு இனம்). அது, காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ள இனம். 2022இல் சட்டம் திருத்தப்பட்டு, 2024இல் விதிகளும் வந்தபின், அதை வைத்திருப்பவர் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். குட்டி பொரித்தாலும், கைமாறினாலும், இறந்தாலும் தெரிவிக்க வேண்டும். விற்பவர் "பேப்பர் அப்புறம் தர்றேன்" என்றால் அங்கேயே திரும்பி வந்துவிடுங்கள். பாங்காக்கிலிருந்து பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுவரப்படும் பாம்புகளைச் சென்னை விமான நிலையச் சுங்கத் துறை திரும்பத் திரும்பப் பிடித்திருக்கிறது. அப்படிப் பிடிபடாமல் தப்பி வந்து விற்பனைக்கு நிற்கும் பாம்பு நீர் வற்றி, உண்ணியோடும் குடற்புழுவோடும்தான் உங்கள் வீட்டுக்கு வரும்.

வயதையும் யோசியுங்கள். நல்ல பராமரிப்பில் பால் பைத்தான் இருபது, முப்பது வருடம் இருக்கும். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சிச்சாலைக்கு 1961இல் வந்து சேர்ந்த ஒன்று 2020இல் முட்டையிட்டது. கல்லூரி இரண்டாம் ஆண்டில் ஆசைப்பட்டு வாங்கியவர் மேற்படிப்புக்குப் போகும்போது பாம்பு அம்மா தலையில் விழும். அப்போது ஏரிக்கரையில் கொண்டுபோய் விடுவது கருணை ஆகாது. சட்டப்படி குற்றம், ஊர்ப் பாம்புகளுக்குப் புது நோயும் போய்ச் சேரும். பாம்பைப் பார்க்கத்தான் ஆசை என்றால் கிண்டி பாம்புப் பண்ணைக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம். எல்லோரும் வளர்த்தே ஆக வேண்டிய உயிர் இல்லை இது.

வாங்கும்போது கையில் எடுத்துப் பாருங்கள். உடல் கனமாக, இறுக்கமாக இருக்க வேண்டும். முதுகெலும்பு துருத்தக் கூடாது, வாயோரம் எச்சில் நுரை கூடாது, ஆசனவாயைச் சுற்றி அழுக்கு ஒட்டியிருக்கக் கூடாது. 'ஸ்பைடர்' வகை நிறத்தை விலை அதிகம் என்று காட்டுவார்கள். அந்த நிறத்தோடு தலை ஆடும், கழுத்து திருகும் நரம்புக் கோளாறும் பரம்பரையாகச் சேர்ந்தே வருகிறது, அதற்கு மருந்து இல்லை. என்னைக் கேட்டால் அந்த வகையை இனப்பெருக்கம் செய்யவே கூடாது.

இனி சூடு. பாம்பின் உடல் தானாக வெப்பத்தை உண்டாக்கிக்கொள்ளாது. செரிமானம், நோய் எதிர்ப்பு, நான் போடும் ஊசி மருந்து வேலை செய்வது எல்லாமே அது படுத்திருக்கும் இடத்தின் சூட்டைப் பொறுத்தவை. பால் பைத்தானுக்குப் பெட்டியின் ஒரு முனை 31 முதல் 33 டிகிரி, மறுமுனை 25 முதல் 27 டிகிரி இருக்க வேண்டும். இரண்டு முனையிலும் உடல் இறுக்கமாகப் பொருந்தும் ஒளிவிடம் ஒவ்வொன்று வேண்டும். ஒளிவிடம் ஒரு பக்கம் மட்டும் இருந்தால், பயந்த பாம்பு சூட்டைவிட மறைவையே தேடும். குளிரிலேயே சுருண்டு கிடந்து, விழுங்கிய எலியை நான்காம் நாள் கக்கிவிடும்.

ஓ.எம்.ஆர். பக்கம் அடுக்குமாடி ஒன்றிலிருந்து ஐ.டி. வேலையில் இருக்கும் இளைஞர் ஒருவர் பாம்பைக் கொண்டுவந்தார். மூக்கில் குமிழி, வாய் லேசாகத் திறந்திருந்தது, மூச்சு விடும்போது சீழ்க்கை போல ஓசை.

"பெட்டி எங்க இருக்கு, தம்பி?"

"என் பெட்ரூம்லதான் டாக்டர். வெயில்ல கஷ்டப்படக் கூடாதுன்னு ஏசி போட்டுத்தான் வெச்சிருக்கேன். நைட் பத்துல இருந்து காலைல எட்டு வரைக்கும்."

"எத்தனைல?"

"இருபத்திரெண்டு."

பால் பைத்தான் இரவில் நடமாடும் உயிர். அது விழித்திருக்கும் பத்து மணி நேரமும் 22 டிகிரி, காய்ந்த காற்று. பகலில் ஏசி நின்றதும் அறை 34ஐத் தொடும். இந்த ஏற்ற இறக்கத்தில்தான் நுரையீரலில் சளி கட்டுகிறது. இருமித் துப்பத் தெரியாத உயிருக்குள் அந்தச் சளி அப்படியே தேங்கி நிமோனியா ஆகிறது. ஆன்டிபயாடிக் ஊசி மூன்று நாளுக்கு ஒன்று என்று வாரக்கணக்கில் போட வேண்டியிருந்தது. (ஊசியை உடலின் முன்பாதியில்தான் போடுவோம். பின்பாதியின் ரத்தம் நேராகச் சிறுநீரகத்துக்குப் போய், மருந்தை உடல் முழுதும் பரவவிடாமல் வெளியேற்றிவிடலாம்.) பெட்டியைக் கூடத்துக்கு மாற்றி, சூட்டை ஒரே அளவில் வைத்திருக்கும் தெர்மோஸ்டாட் பொருத்திய பிறகுதான் மருந்து பிடித்தது.

அதற்கு நேர் எதிரானது மே மாதத்து மொட்டை மாடி வீடு. அறையே 37 டிகிரி இருக்கும்போது பெட்டிக்குள் குளிர்ந்த முனை என்று ஒன்று கிடையாது. 35ஐத் தாண்டி நீடித்தால் உயிருக்கே ஆபத்து. அந்த நாட்களில் பெட்டியைச் சூடாக்க அடியில் வைக்கும் மின்விரிப்பை, அதாவது ஹீட் மேட்டை, அணைத்துவிட்டு, பெட்டியைத் தரையோடு, வீட்டிலேயே குளிர்ச்சியான அறையில் வையுங்கள். ஹீட் மேட்டைத் தெர்மோஸ்டாட் இல்லாமல் எந்தக் காலத்திலும் பயன்படுத்தாதீர்கள். அடிவயிறு வெந்துகொண்டிருந்தாலும் பாம்பு அந்த இடத்தை விட்டு நகராமல் கிடப்பதுண்டு. வயிற்றுச் செதில்கள் பழுப்பாகிக் கொப்பளித்த பிறகுதான் வளர்ப்பவருக்குத் தெரியும். அந்தப் புண் ஆறப் பல சட்டைகள் உரிய வேண்டும். முள் வைத்த வட்ட மீட்டர்களை நம்பாதீர்கள், கம்பி நுனியில் உணரி உள்ள டிஜிட்டல் வெப்பமானி வாங்குங்கள். நெற்றிக்கு நேராகக் காட்டும் காய்ச்சல் துப்பாக்கி இதற்கு உதவாது, அது மனித உடல் சூட்டை அளக்க மட்டுமே செய்யப்பட்டது.

ஈரப்பதம் 55 முதல் 65 சதவீதம் போதும். சட்டை உரிக்கும் சமயம் 70 வரை போகலாம். கண் நீலம் பூத்து, நிறம் மங்கினால் உரிக்கப் போகிறது என்று அர்த்தம். அப்போது கையில் எடுக்காதீர்கள், இரையும் வேண்டாம். சட்டை தலையிலிருந்து வால்வரை ஒரே துண்டாகக் கழன்றால் நலம். கழன்ற சட்டையைத் தூக்கிப் போடுமுன் விரித்து, இரண்டு கண்ணின் மேலும் இருக்கும் கண்ணாடி போன்ற செதில் மூடியும் அதோடு வந்திருக்கிறதா, வால் நுனி வந்திருக்கிறதா என்று பாருங்கள். வால் நுனியில் பழைய தோல் வளையமாகத் தங்கினால் ரத்த ஓட்டம் நின்று நுனியே செத்து விழும். துண்டு துண்டாக உரிந்தால், வெதுவெதுப்பான, ஆழமில்லாத நீரில் அரை மணி நேரம் விட்டு, ஈரத் துண்டுக்குள் ஊர்ந்து போகவிடுங்கள். நீங்கள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். கண்மேல் ஒட்டியதை மட்டும் சாமணத்தால் பிடுங்க வேண்டாம். உரிக்கப் பார்த்துக் கண்ணையே கெடுத்துக்கொண்டு வந்தவற்றைப் பார்த்திருக்கிறேன்.

பாம்பு நாள் முழுக்கத் தண்ணீர்ப் பாத்திரத்திலேயே கிடக்கிறதா? "குளிக்குது, சந்தோஷமா இருக்கு" என்று வீடியோ எடுப்பதற்கு முன், அந்தத் தண்ணீரின் அடியில் மிளகுத் தூள் போலக் கறுப்புப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். அது உண்ணி. தாடைக்கு அடியில், கண்ணைச் சுற்றி, செதிலுக்கு இடையில் ஒளிந்து ரத்தம் குடிக்கும், ஒரு பாம்பிலிருந்து இன்னொன்றுக்கு நோயையும் கடத்தும்.

பாம்பைக் கொல்வது பெரும்பாலும் உண்ணி அல்ல, உண்ணிக்கு வீட்டில் செய்யும் வைத்தியம். நாய்க்குப் போடும் உண்ணிப் பவுடர், பெட்டி மூலையில் அந்துருண்டை, கழுவுவதற்குப் பினாயில், இவை எல்லாம் நம் வீடுகளில் இயல்பாகக் கைக்கு எட்டுபவை, எல்லாமே பாம்புக்கு விஷம். கொசு விரட்டும் திரவத்தையும் சுருளையும் அதே அறையில் வைக்காதீர்கள். அவற்றில் இருக்கும் பைரித்ராய்டு வகை மருந்துக்குப் பாம்புகள் நம்மைவிடப் பல மடங்கு கூசும். கரப்பானுக்கு ஆள் வைத்து மருந்து அடிக்கும் நாளில் பாம்பை வேறு வீட்டுக்கு மாற்றிவிடுங்கள். மருந்து அடித்த பிறகு உடல் முறுக்கி, மல்லாந்தால் நிமிரத் தெரியாமல் வரும் பாம்பைக் காப்பாற்றுவது கடினம். பெட்டியைச் சோப்பு நீரில் கழுவி, நன்றாக அலசிக் காயவைத்தாலே பெரும்பாலும் போதும். உண்ணி இருந்தால் அடியில் வெறும் தாளை விரித்துத் தினமும் மாற்றுங்கள். மருந்தை எடைக்குத் தக்கபடி நாங்கள் தருவோம். பக்கத்துத் தொட்டியில் ஆமை இருக்கிறதா என்பதையும் சொல்லுங்கள், பாம்புக்குத் தரும் ஐவர்மெக்டின் ஆமையைக் கொன்றுவிடும்.

இரண்டாவது பாம்பு வாங்கும் ஆசை முதல் வருடத்திலேயே வரும். வந்தால் புதியதை மூன்று மாதம் தனி அறையில், தனிப் பாத்திரங்களோடு வையுங்கள். தலையை வானத்தைப் பார்த்துத் தூக்கியபடி திருகும் நோய் ஒன்று உண்டு, வைரஸால் வருவது. மலைப்பாம்பு இனங்களில் வேகமாக முற்றும், குணமாக்க வழியில்லை.

சாப்பாட்டுக்கு வருகிறேன். முழு எலிதான் உணவு. கோழித் துண்டு, முட்டை, இறைச்சிக் கடைக் கழிவு எதிலும் பாம்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தும் மற்றவையும் சரியான அளவில் இல்லை. பால் வைக்கலாமா என்று வீட்டுப் பெரியவர்கள் கட்டாயம் கேட்பார்கள். அது பாம்பின் உணவே அல்ல, வெறும் தண்ணீர் போதும். எலி, பாம்பின் உடல் பருத்த இடத்தின் சுற்றளவுக்கு மேல் இருக்கக் கூடாது. குட்டிக்கு வாரம் ஒன்று, வளர்ந்ததற்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒன்று. உயிருள்ள எலியைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்காதீர்கள். பசியில்லாத பாம்பின் முதுகை எலும்பு தெரிய எலி கடித்துவிடும். உறைந்த எலியைப் பையோடு வெந்நீரில் வைத்து, உள்வரை குளிர் விட்டு வெதுவெதுப்பானதும் இடுக்கியால் நீட்டுங்கள். மைக்ரோவேவ் வேண்டாம். விழுங்கிய பிறகு இரண்டு நாள் தொடாதீர்கள். கக்கிவிட்டால் உடனே மறுபடி கொடுக்காமல் இரண்டு வாரம் பொறுத்து, சின்ன எலியாகக் கொடுங்கள். எலிக்கு இடம் வீட்டுக் குளிர்ப்பெட்டியில் இல்லை. சுகாதாரத்துக்காக மட்டுமில்லை, இட்லி மாவுக்குப் பக்கத்தில் எலிப் பொட்டலத்தைப் பார்த்த மாமியாரைச் சமாதானப்படுத்த எந்த மருத்துவராலும் முடியாது.

இவை எல்லாம் சரியாக இருந்தும் பால் பைத்தான் சாப்பிடாமல் இருக்கும். குளிர்காலத்தில் மாதக்கணக்கில் இருக்கும். அப்போது தேவைப்படுவது கிராம் காட்டும் சமையலறைத் தராசு ஒன்றும் நோட்டு ஒன்றும். வாரம் ஒருமுறை எடையை எழுதுங்கள். எடை நின்றால் பொறுத்திருக்கலாம். பத்தில் ஒரு பங்கு குறைந்தால் கொண்டுவாருங்கள். வாயைத் திறந்து எலியைத் திணிக்கும் வீடியோக்களைப் பார்த்து வீட்டில் முயல வேண்டாம்.

வீட்டாருக்கும் கொஞ்சம். ஆரோக்கியமான பாம்பின் மலத்திலும் தோலிலும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், பாத்திரத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள், முத்தம் கொடுத்துப் படம் எடுக்காதீர்கள். ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தையோ கர்ப்பிணியோ கீமோதெரபி எடுப்பவரோ இருக்கும் வீட்டில் பாம்பே வேண்டாம் என்பது என் கருத்து.

வாய் திறந்து மூச்சு, நுரை, அடிவயிற்றுப் புண், இரண்டாம் முறை கக்கல், நிமிர முடியாமை இவற்றில் எது இருந்தாலும் அன்றே வாருங்கள். வருமுன் போன் செய்யுங்கள், எல்லாக் கால்நடை மருத்துவர்களும் பாம்பு பார்ப்பதில்லை. பாம்பைத் தலையணை உறைக்குள் விட்டு முடிச்சுப் போட்டு, காற்றுத் துளையுள்ள மூடிப் பெட்டியில் வையுங்கள். வண்டியில் ஏசிக் காற்று நேராகப் படக் கூடாது, வெயிலில் நிறுத்திய காருக்குள் ஐந்து நிமிடம்கூட விடக் கூடாது. ஆட்டோவில் வந்தால் பெட்டிக்குள் என்ன என்று ஓட்டுநர் கேட்காதவரை நீங்களாகச் சொல்ல வேண்டாம். கூடவே எடை நோட்டு, கடைசியாக உரித்த சட்டை, புதிதாகக் கிடைத்தால் சின்னப் பையில் மலம், பெட்டியை நான்கு பக்கமும் எடுத்த போட்டோ. போட்டோவில் வெப்பமானியின் எண் தெரிய வேண்டும்.