எம்.எஸ். நோயும் மனச்சோர்வும்: தைரியம் சொன்னால் மட்டும் போதாது

காரைக்குடிக்கு என்னிடம் வரும் எம்.எஸ். (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்) நோயாளிகள் பெரும்பாலும் மதுரையில் ஸ்கேன் எடுத்து, நரம்பு டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் வருவார்கள். கூட வந்தவர் சொல்வது அநேகமாக ஒன்றுதான்: "நோயை நினைச்சு நினைச்சே சுணங்கிட்டா. கொஞ்சம் தைரியம் சொல்லுங்க டாக்டர்."

கவலை இருக்கத்தான் செய்யும். 20 முதல் 40 வயதுக்குள், அதுவும் பெண்களுக்கே அதிகமாக வருகிற நோய். ஆனால் விஷயம் கவலையோடு முடிவதில்லை. எம்.எஸ்-இல் உடலின் எதிர்ப்புச் சக்தியே நரம்பைச் சுற்றியுள்ள மயலின் உறையை அரிக்கிறது. கண் நரம்பில் அரித்தால் பார்வை மங்கும். தண்டுவடத்தில் என்றால் கால் மரத்துப்போகும். மனநிலையைக் கவனிக்கும் மூளைப் பகுதிகளில் அரித்தால் மனசும் வாடும். அழற்சிக்கும் அதில் பங்கு உண்டு. இந்த நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது மனச்சோர்வு வருகிறது. நன்றாக நடமாடுகிறவர்களுக்கும்தான்.

இதைக் கண்டுபிடிப்பதில் ஒரு சிக்கல், நோயே தரும் அலுப்பு. உடம்பு சூடேறினால் எம்.எஸ். அறிகுறிகள் கூடும், சித்திரை வெயிலில் எழவே முடியாது. ஒரு மருமகளைப் பற்றி வீட்டு ஆச்சி, "வளவுலயே உக்காந்து கிடக்கா, வெயில்தான்" என்றார். துருவிக் கேட்டபோதுதான் மற்றதெல்லாம் வந்தது: முற்றம் குளிர்ந்து கிடக்கும் விடிகாலையிலும் அவர் யாரோடும் பேசுவதில்லை. பிடித்த இனிப்பான கும்மாயத்தைக் கொடுத்தால் வேண்டாம் என்கிறார். தம்பி போன் போட்டாலும் எடுப்பதில்லை. வெயில் அலுப்பு உடம்பு குளிர்ந்தால் தணியும். ஆசையே விட்டுப்போவது வேறு.

இரண்டு வாரமாக மனசு கனத்தே இருக்கிறதா, எதிலும் பிடிப்பு இல்லையா என்று நேராகக் கேளுங்கள். சாக நினைப்பு வருகிறதா என்றும் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. வருகிறது என்றால் தனியே விடாதீர்கள், உடனே டாக்டரிடம் அழைத்து வாருங்கள். நடு ராத்திரியிலும் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனாஸ் 14416-க்கு இலவசமாகப் பேசலாம்.

நோய் தீவிரமாகும்போது ஏற்றும் ஸ்டீராய்டும் மனநிலையைப் புரட்டிப்போடலாம். அப்படியானால் ஏற்றிய டாக்டரிடம் சொல்லுங்கள்; நீங்களாக எந்த மருந்தையும் நிறுத்த வேண்டாம். மனச்சோர்வுக்குப் பேச்சு சிகிச்சை, மாத்திரை இரண்டும் உண்டு, இரண்டும் பலன் தரும். மாத்திரை வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். நாலு நாளில் "ஒண்ணும் கேக்கல" என்று விட்டுவிடாதீர்கள். அப்புறம், வரும்போது நரம்பு டாக்டரின் மருந்துச் சீட்டையும் எடுத்து வாருங்கள். இரண்டு மருந்தும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துத்தான் எழுத வேண்டும்.